சிங்கப்படம் போட்ட போத்தல்

1

கண்டியில் வந்து இறங்கிய மூன்றாம் நாள் காலையில் என் இடது சப்பாத்துக்குள் கையை விட்டுப் பார்த்தேன். போத்தலைக் காணவில்லை. வலது சப்பாத்திலும் இல்லை. அதைச் சுற்றி வைத்திருந்த காலுறை மட்டும் சுருண்டு கிடந்தது. எனக்கு வியர்த்துவிட்டது.

அது கறுப்புப் போத்தல். தங்க நிற மூடி. முன்பக்கம் வாயைப் பிளந்த சிங்கப்படம். உள்ளே குதிரைக்குக் கொடுக்கிற அளவில் குளிசைகள். எதற்கான குளிசை என்பதைப் பிறகு சொல்கிறேன். அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் எடுத்த எடுப்பில் சொல்ல வாய் வரவில்லை.

லண்டனிலிருந்து ஊருக்கு வருகிறவர்களின் பெட்டியில் என்ன இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நீங்கள்தானே திறக்கிறீர்கள். சவர்க்காரம், சொக்லட், முழங்கால் வலிக்குப் பூசும் களிம்பு, அப்புறம் விட்டமின் போத்தல்கள். முன்பெல்லாம் ரேடியோ கேட்டார்கள், பிறகு கைப்பேசி கேட்டார்கள். இப்போது அதெல்லாம் இங்கேயே கிடைக்கிறது. ஆனாலும் வெளிநாட்டு விட்டமின் என்றால் ஒரு மதிப்பு. என் வீட்டுக்காரி வருடம் முழுக்க மலிவாகப் போடும்போது வாங்கி வாங்கிச் சேர்ப்பாள். அவளுக்கும் ஆங்கிலம் வாசிக்க வராது, எனக்கும் வராது. போத்தலின் அளவைப் பார்த்து ஆளின் தகுதிக்கு ஏற்றபடி கொடுப்பாள்.

நாங்கள் தங்கியிருப்பது கட்டுகஸ்தோட்டையில் அவளுடைய தங்கை பாக்கியத்தின் வீட்டில். அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த வீட்டுக்காரியிடம் போய், ஒன்றும் தெரியாதவன் போலக் கேட்டேன்.

"ஒரு கறுப்புப் போத்தல் கெடந்திச்சி, பாத்தியா?"

"சிங்கப்படம் போட்டதா? அத நேத்து அண்ணேக்குக் குடுத்துட்டேன்."

"எந்த அண்ணேக்கு?"

"எனக்கு எத்தன அண்ணே இருக்கு? மடுல்கெல்லயிலேருந்து பாக்க வந்தாரே, அவருக்குத்தான். எல்லாத்துலயும் அதுதான் பெருசா இருந்திச்சி. ஏன், ஒங்களுதா?"

"சேச்சே. அங்க கூட வேலை செஞ்ச ஒருத்தன் குடுத்துவிட்டது."

பொய் சொல்லிவிட்டேன். அவள் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு மறுபடி துருவ ஆரம்பித்தாள்.

என் மச்சான் மாரிமுத்துவுக்கு எழுபத்திரண்டு வயது. தேயிலை பெக்டரியில் ரோலர் அறையில் வேலை செய்து ஓய்ந்தவர். இரண்டு வருடத்துக்கு முன் நெஞ்சடைத்து விழுந்து, நெஞ்சுக்குள் கம்பிச் சுருள் வைத்திருக்கிறார்கள். இரத்தம் கட்டாமல் இருக்கத் தினமும் குளிசை சாப்பிடுகிறார். இந்தப் போத்தலை எனக்கு விற்றவன் மூடியைத் தட்டிக்காட்டிச் சொன்ன ஒரே விஷயம் என் காதில் அப்போது திரும்பத் திரும்பக் கேட்டது. "ஹார்ட் பேஷண்ட் நோ, அங்கிள். ஹார்ட் பேஷண்ட், நோ நோ."

2

கொஞ்சம் பின்னால் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். மூன்றாம் வகுப்புக்கு மேல் படிப்பு ஏறவில்லை. பதினேழு வயதில் மலையை விட்டு இறங்கி கண்டி மார்க்கெட்டில் நாட்டாமையாகச் சேர்ந்தேன். உங்களுக்கு விளக்கம் தேவையில்லை, நாட்டாமை என்றால் மூட்டை தூக்குகிறவன். லொறியிலிருந்து உருளைக்கிழங்கு மூட்டையை முதுகில் வாங்கி, குனிந்தபடியே படியேறி, கடைக்குள் போய்ச் சரிப்பேன். உதவி கேட்டதில்லை. எனக்கென்று இருந்த ஒரே படிப்பு இந்த முதுகுதான். இருபத்திரண்டு வருடத்துக்கு முன் லண்டனுக்குப் போனபோதும் ஒரு காய்கறிக் களஞ்சியத்தில் பெட்டி தூக்கித்தான் பிழைத்தேன். மகளும் மகனும் படித்தார்கள். நான் தூக்கினேன்.

போன வருடம் அந்த முதுகு போய்விட்டது. வலி இல்லை, நோவு இல்லை, பலம்தான் இல்லை. காரிலிருந்து அரிசிப் பையை எடுத்து வீட்டுக்குள் வைப்பதற்குள் இரண்டு தரம் நின்றேன். பகலில் கதிரையில் உட்கார்ந்தால் தலை தொங்கிவிடும். வயிறு முன்னால் வந்தது, கையும் காலும் மெலிந்தன. ஒன்றுமில்லாததற்கெல்லாம் எரிச்சல் வந்தது. பேத்தி ஆங்கிலத்தில் ஏதோ கேட்டு நான் புரியாமல் விழித்தால், "நெவர் மைண்ட், தாத்தா" என்று போய்விடுவாள். அதற்குக்கூடக் கண் கலங்கியது.

இன்னொன்றும் குறைந்தது. கல்யாணமானவர்களுக்கு அதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. என் குறட்டை உனக்குத் தொல்லை என்று சொல்லி, எட்டு மாதத்துக்கு முன் தலையணையை எடுத்துக்கொண்டு ஹோலில் இருந்த சோபாவுக்குப் போனேன். அதற்குச் சில மாதம் முன்னால்தான் வீட்டுக்காரிக்குக் கர்ப்பப்பை எடுத்திருந்தார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அவளுக்குத் தோன்றியிருக்கிறது.

அங்கே டொக்டரிடம் போகும்போதெல்லாம் மகள்தான் கூட வந்து மொழிபெயர்ப்பாள். இதற்கு மகளை எப்படிக் கூட்டிப் போவது? தனியாகப் போனேன். இளம் வெள்ளைக்கார டொக்டர் மேசையில் டெலிபோனை வைத்து ஒரு பித்தானை அமுக்கினார். உள்ளேயிருந்து ஒரு பெண்பிள்ளையின் குரல் வந்தது. யாழ்ப்பாணத்துப் பேச்சு, ஆனால் லண்டனில் வளர்ந்த பிள்ளை என்று இழுவையில் தெரிந்தது.

"வணக்கம் ஐயா. டொக்டர் கேக்கிறதை நான் உங்களுக்குச் சொல்லுவன், நீங்கள் சொல்லுறதை அவருக்குச் சொல்லுவன். சரியோ?"

"சரிம்மா."

"முந்தி என்ன வேலை செய்தனீங்கள்?"

"கண்டியில நாட்டாமையா இருந்தேன்மா."

பிறகு அந்தப் பிள்ளை மரியாதையான குரலில் ஏதோ சொன்னது. டொக்டர் நிமிர்ந்து உட்கார்ந்து என்னை ஒரு மாதிரிப் பெருமையாகப் பார்த்தார். ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. களைப்பு, தூக்கம், சாப்பாடு எல்லாம் கேட்டார்கள். பிறகு அந்தப் பிள்ளை குரலைத் தாழ்த்திக்கொண்டது.

"ஐயா... குறை நினைக்காதேங்கோ... காலமையில எழும்புறதோ?"

"எழும்பாம? அஞ்சு மணிக்கெல்லாம் எழும்பிருவேன்."

"ஒவ்வொரு நாளுமோ?"

"ஒவ்வொரு நாளும். ஞாயித்துக்கிழமகூடத் தப்பாது."

அவள் சொன்னதைக் கேட்டு டொக்டரின் புருவம் மேலே போனது. நீண்ட நேரம் தட்டெழுதினார். உங்கள் ஆண் ஹோர்மோன் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க இரத்தம் எடுக்கப்போகிறார்கள் என்று அந்தப் பிள்ளை சொன்னது. அந்த ஹோர்மோனுக்கு டெஸ்டோஸ்டெரோன் என்று பெயர். அதைச் சரியாகச் சொல்லவே எனக்கு ஒரு மாதம் பிடித்தது. சோறும் கருவாடும் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, மூன்று மணிக்குப் போய் இரத்தம் கொடுத்தேன்.

ஒரு வாரம் கழித்து ஒரு பெண் போன் எடுத்து மளமளவென்று பேசினாள். எனக்குப் பிடிபட்டது ஒரே ஒரு சொல். "லோ." குறைவு. பிறகு ஒரு கடிதம் வந்தது. ஒரு பக்கம் முழுக்க ஆங்கிலம். வீட்டில் வாசிக்கத் தெரிந்த எல்லோரும் நான் பெற்றவர்கள், அல்லது அவர்கள் பெற்றவர்கள். அவர்களிடம் எப்படி நீட்டுவது? மடித்து பாஸ்போர்ட் உறைக்குள் வைத்தேன். தினமும் எடுத்து, படம் பார்ப்பதுபோலப் பார்ப்பேன். புற்றுநோய் என்று இருக்குமோ? இருந்தால் அந்தச் சொல்லின் வடிவம் எப்படி இருக்கும்? மருந்து டப்பாக்களில் பார்த்த எழுத்துகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். ஒன்றும் பொருந்தாது. அதனால் பயம் தீர்ந்ததும் இல்லை.

கடைசியில் உடற்பயிற்சிக்காரர்களுக்குச் சாமான் விற்கிற கடைக்குள் நுழைந்து, "டெஸ்டோஸ்டெரோன், லோ" என்று சொன்னேன். மனப்பாடம் செய்துகொண்டு போன இரண்டு சொல். அவன் சிங்கப்படத்தை எடுத்து வைத்தான்.

கண்டி மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் உடும்பை நாயைப்போலக் கட்டி வைத்துக்கொண்டு ஆண்களின் தெம்புக்கு லேகியம் விற்பான். சாயங்காலம் வேலை முடிந்து நாங்கள் நாட்டாமைகள் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்போம். எங்களில் காளிமுத்து என்று ஒருவன். எங்களைவிட ஒரு சாண் உயரம், இரண்டு மூட்டையை ஒன்றாக எடுப்பான். ஒருநாள் எல்லோரும் போன பிறகு அவன் திரும்பிப் போய் ஒரு டப்பி வாங்கியதை நான் பார்த்துவிட்டேன். பார்த்தவன் சும்மா இருந்தேனா? மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் எல்லோர் முன்னாலும், "என்னா காளி, உடும்பு பிடிக்குதா?" என்று கேட்டேன். மார்க்கெட்டே சிரித்தது. அவனும் சிரித்தான். ஆனால் அதற்குப் பிறகு எங்களோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை, தூணுக்குப் பின்னால் தனியாகச் சாப்பிடுவான். சில மாதத்தில் வேலையை விட்டே போய்விட்டான். கடையிலிருந்து போத்தலைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு வெளியே வந்தபோது, இத்தனை வருடத்துக்குப் பிறகு அவன் முகம்தான் வந்தது.

3

மடுல்கெல்லைக்குப் போன் எடுத்தேன். நான்காவது தரம் மச்சானே எடுத்தார்.

"மச்சான்! என்னா குளுச அது! நேத்து பின்னேரம் ஒண்ணு போட்டேன், இன்னைக்கு வெள்ளன ரெண்டு போட்டேன்."

"ரெண்டா?"

"பெரிய போத்தல்ல, கூடத்தானே போடணும். ஒடம்பு ஒரு எடத்துல நிக்கமாட்டேங்குது. போஞ்சிப் பாத்தி பூரா கொத்திட்டேன். மருமக சத்தம் போடுறா, கெழவனுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சின்னு!"

பின்னால் சிரிப்புச் சத்தம். எல்லோரும் கேட்கிற மாதிரி போனைப் போட்டு வைத்திருந்தார்.

"நெஞ்சு எப்புடி இருக்கு மச்சான்?"

"அது கெடந்து அடிக்குது, மெசினு ஓடுறமாரி. தெம்பு வந்தா அடிக்கும்தானே."

"இனிமே அத போடாதீங்க. எனக்குச் சொல்லுங்க, போடமாட்டீங்கதானே?"

"ஏன் மச்சான்? குடுத்தத திருப்பிக் கேக்குறீங்களா?" மறுபடி சிரிப்பு.

"இல்ல, அது... அது வந்து..."

மருமகள், பேரப்பிள்ளைகள் எல்லாம் காது கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். என்னால் சொல்ல முடியவில்லை. போன் அறுந்தது. நானாக அறுத்தேனா, மலையில் சிக்னல் போனதா, சத்தியமாக இன்றைக்கும் தெரியாது. அதை நினைத்தால் எனக்கே என்மேல் வெறுப்பாக இருக்கிறது. திரும்பத் திரும்ப எடுத்தேன். மணி போகவே இல்லை.

சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். வீட்டுக்காரி கைப்பையோடு அங்கே நின்றாள்.

"நானும் வாறேன்."

"எங்க?"

"அண்ணே வீட்டுக்குத்தானே போறீங்க?"

4

வத்தேகமை தாண்டிவிட்டோம். பஸ்ஸில் பாட்டுப் பெட்டி அலறிக்கொண்டிருந்தது. அது நல்லதாகப் போயிற்று. முன் இருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வெளியே பார்த்தபடி சொன்னேன்.

"அந்தப் போத்தல் என்னோடதுதான்."

"தெரியும்."

"எப்புடித் தெரியும்?"

"ஒங்க சப்பாத்துக்குள்ள வேற யாரு வைப்பா?"

"தெரிஞ்சா ஏன் குடுத்த?"

"ஒளிச்சி வச்சத எடுத்துக் குடுத்தா, ஏன் குடுத்தன்னு சண்டைக்கு வருவீங்க. அப்ப என்னாத்த ஒளிக்கிறீங்கன்னு நான் கேக்கலாம்னு பாத்தேன். நீங்க என்னான்னா, கூட வேலை செஞ்சவன் குடுத்தான்னு சொல்றீங்க." முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "முடி கொட்டுறதுக்கு ஏதோன்னுதான் நெனச்சேன். மருந்துன்னா டொக்டர் பேரு, ஒங்க பேரு எல்லாம் ஒட்டியிருக்குமே. இதுல சிங்கம்தானே இருந்திச்சி."

நான் சொன்னேன். ஹோர்மோன் என்று ஆரம்பித்து, இரத்தம், கடிதம், கடை என்று தட்டுத்தடுமாறி முடித்தேன். ஆண்களின் தெம்புக்கான மருந்து என்று சொன்னதும் அவள் மெல்லத் திரும்பினாள்.

"யாருக்கு?"

"என்னா யாருக்கு?"

"எட்டு மாசமா சோபாவுல படுக்குற மனுசன் யாருக்குத் தெம்பு சேக்குறீங்கன்னு கேக்குறேன்."

பஸ் ஒரு வளைவில் சாய்ந்தது. அவள் தோள் என்மேல் வந்து இடித்தது, விலகவில்லை. "ஒனக்குத்தான்" என்றேன். அறுபத்தெட்டு வயதில் ஒரு ஆண்பிள்ளை பஸ்ஸில் சொல்லக்கூடிய பேச்சா இது?

பன்விலை ஏற்றத்தில் பஸ் முக்கிக்கொண்டு போனபோது, அவள் தன் கையையே பார்த்தபடி பேசினாள்.

"கர்ப்பப்பைய எடுத்துட்டாங்க, இனி நான் பொம்பளையே இல்லன்னு நெனச்சிட்டீங்கன்னு இருந்தேன். கிட்ட வரப் பிடிக்காமத்தான் கொறட்டைய சாட்டுச் சொல்றீங்கன்னு. மககிட்ட கேக்கக்கூட வாய் எடுத்தேன். வெக்கமா இருந்திச்சி, விட்டுட்டேன்."

நான் எட்டு மாதம் என்னைப் பற்றி மட்டும் பயந்துகொண்டிருந்திருக்கிறேன். பக்கத்து அறையில் இன்னொரு ஆள் வேறொரு பயத்தோடு படுத்திருந்தது எனக்குத் தெரியவில்லை. கையைப் பிடிக்கலாம் என்று நினைத்தேன். அதற்கு முன் சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி இருந்தது.

"நெஞ்சு வருத்தம் உள்ளவங்க அத போடக்கூடாதாம். அண்ணே மூணு குளுச போட்டிருக்காரு."

அவள் முகம் வெளுத்த மாதிரி நான் என்றைக்கும் பார்த்ததில்லை. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "நாந்தானே குடுத்தேன், என் கையாலதானே குடுத்தேன்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். மடுல்கெல்லை இன்னும் அரை மணி நேரத்துக்கு மேல் இருந்தது. பஸ் ஒவ்வொரு கடைவாசலிலும் நின்று ஆள் ஏற்றியது.

5

மச்சான் வாசல் கல்லில் உட்கார்ந்திருந்தார். மண்வெட்டி பக்கத்தில் கிடந்தது. சட்டை தோலோடு ஒட்டியிருந்தது. எங்களைப் பார்த்து எழுந்தவர், மறுபடி உட்கார்ந்தார்.

"வாங்க மச்சான். போத்தல வாங்கிட்டுப் போக தங்கச்சியையும் கூட்டிட்டே வந்துட்டீங்களா?"

"எந்திரிங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"எனக்கென்னா? கொஞ்சம் தல சுத்துது, அவ்வளவுதான்."

"மச்சான், அது விட்டமின் இல்ல. ஆம்பளத் தெம்புக்கு நான் வாங்கினது. நெஞ்சு வருத்தக்காரங்களுக்கு ஆகாது. எனக்கு வெள்ளனயே தெரியும். வெக்கத்துல சொல்லல."

மருமகள் கதவோரம் நின்றாள். பேரப்பிள்ளைகள் நின்றார்கள். பக்கத்து வீட்டுக்காரியும் எட்டிப் பார்த்தாள். காலையில் போனில் சொல்ல முடியாதது, அத்தனை பேர் முன்னாலும் சட்டென்று வந்துவிட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை.

போத்தலையும் எடுத்துக்கொண்டு, ஒரு திரீவீலில் அவரை நடுவில் வைத்து கண்டிக்கு இறங்கினோம். வீட்டுக்காரி வழிநெடுக அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே வந்தாள். நாடி பார்க்க அவளுக்குத் தெரியாது, ஆனாலும் விடவில்லை. பாதி வழியில் மச்சான் கண்ணை மூடியபடி முனகினார்.

"மச்சான்."

"என்னா, என்னா செய்யுது?"

"ஒண்ணுமில்ல. அது வேலை செய்யுமா?"

"எது?"

"அந்தக் குளுச. நான் சும்மா போஞ்சிப் பாத்திய கொத்தி வீணாக்கிட்டேனே."

"வாய மூடிட்டு வா அண்ணே!" என்று வீட்டுக்காரி அழுதுகொண்டே அவர் முதுகில் அடித்தாள்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சில் ஒயர் ஒட்டிப் படம் எடுத்தார்கள். ஒரு முஸ்லிம் டொக்டரம்மா, என் மகள் வயதுதான் இருக்கும், தலையில் முக்காடு, வேகமான நடை. போத்தலைத் திருப்பித் திருப்பி வாசித்தார்.

"இதுல வெந்தயம் ஈக்கு. அமுக்கராக் கிழங்கு ஈக்கு. மத்தது கோப்பிச் சத்து, அதுதான் இவருக்கு நெஞ்சு இப்படி அடிக்கிது. எழுதாம வேற என்னென்ன போட்டீக்காங்களோ, அல்லாஹ்தான் அறிவான். ரத்தம் கட்டாம ஈக்கக் குடிக்கிற குளுசையோட இதெல்லாம் சேரக்கூடாது. யாரு வாங்கினது?"

"நாந்தான் டொக்டர்."

"வெந்தயம் வாங்கவா லண்டன் போனீங்க?"

நான் தலையைக் குனிந்தேன். அன்று முழுக்க மச்சானைப் படுக்க வைத்துப் பார்த்தார்கள். வெளியே வாங்குப் பலகையில் இருவரும் உட்கார்ந்திருந்தோம். கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் வீட்டுக்காரி எழுந்து நின்றாள். மறுநாள் பகல் துடிப்பு அடங்கியது, அனுப்பிவிட்டார்கள். போகும்போது டொக்டரம்மா என்னைக் கூப்பிட்டார். "உங்களுக்கு என்ன பிரச்சனைன்னு யாருமே பார்க்கலையே. பின்னேரம் என்னைய சனல் பண்ணி, நம்பர் எடுத்து வாங்க. அவங்களையும் கூட்டிட்டு வாங்க."

6

பாஸ்போர்ட் உறைக்குள் இருந்த கடிதத்தை ஒருவர் வாசிக்க, நான் கேட்டது அன்றைக்குத்தான். டொக்டரம்மா முதலில் மௌனமாக வாசித்தார். பாதியில் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க கண்டியில ஊர்த் தலைவரா ஈந்தீங்களா?"

"நானா? நாட்டாமையா இருந்தேன், மார்க்கெட்ல."

அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். "இதுல கிராமத் தலைவர்னு போட்டீக்கு." இன்னும் கொஞ்சம் வாசித்தார். "காலையில ஒவ்வொரு நாளும், அஞ்சு மணிக்கு, ஒரு குறையும் இல்லன்னும் போட்டீக்கு. அப்படியா?"

"அஞ்சு மணிக்கு எழும்புறது உண்மதான் டொக்டர்."

"அவங்க கேட்டது நீங்க எழும்புறதப் பத்தி இல்ல, வாப்பா." அவர் சிரிக்காமல், ஒரு மகள் சொல்வதுபோலச் சொன்னார். "விடியும்போது ஆண் உறுப்பு தானா எழும்புதான்னு கேட்டீக்காங்க. இந்த ஹோர்மோன் குறைஞ்சா அது குறையும். எல்லா டொக்டரும் கேக்குற கேள்விதான்."

எனக்குக் காது சுட்டது. பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது. வீட்டுக்காரி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். "ஞாயித்துக்கிழமகூடவா?" என்று கேட்டாள். அதையும் நான் பஸ்ஸிலேயே அவளிடம் சொல்லித் தொலைத்திருந்தேன்.

கடிதத்தில் புற்றுநோய் என்ற சொல்லே இல்லை. மத்தியானம் சாப்பிட்ட பிறகு எடுத்த இரத்தம் கணக்கில் சேராது, காலையில் வெறும் வயிற்றில் வந்து மறுபடி கொடுங்கள் என்று மட்டும்தான் எழுதியிருந்தது. இந்த ஹோர்மோன் காலையில் கூடும், பின்னேரம் இறங்கும், சாப்பிட்டாலும் இறங்குமாம். ஒரு தரம் பார்த்து முடிவு சொல்லக்கூடாதாம், இரண்டு காலை பார்க்க வேண்டுமாம். இத்தனை மாதம் நான் மடித்து வைத்துப் பயந்தது இவ்வளவுதான்.

ஆனால் டொக்டரம்மா அத்தோடு விடவில்லை. குறட்டையைப் பற்றி என்னிடம் கேட்காமல் வீட்டுக்காரியிடம் கேட்டார். "குறட்டை விட்டுட்டு, நடுவுல மூச்சே இல்லாம கிடந்து, திடீர்னு திணறி எழும்புவாரா?"

"ஆமா டொக்டர். நான் எண்ணிக்கிட்டே இருப்பேன், மூச்சு வருதா வருதான்னு. சோபாவுக்குப் போன பொறகும் கதவத் தொறந்து வச்சிக்கிட்டு எண்ணுவேன்."

இதுவும் எனக்குத் தெரியாது.

தூக்கத்தில் மூச்சு அடைபடுகிற வருத்தம் இருக்கலாம், லண்டனுக்குப் போனதும் அதைப் பரிசோதியுங்கள் என்றார். தூக்கம் கெட்டால் ஹோர்மோன் இறங்கும். வயிறு பெருத்தாலும் இறங்கும். சீனி வருத்தம் இருந்தாலும் இறங்கும். "சோத்தக் குறைங்க, நடங்க, பாரம் தூக்குங்க. உங்களுக்குத் தெரிஞ்ச வேலைதானே. சின்னதா ஆரம்பிச்சு தூக்குங்க." ஊசி போட்டால் சரியாகுமா என்று கேட்டேன். ஊசியும் தோலில் பூசும் களிம்பும் இருக்கிறது, ஆனால் இரண்டு காலை இரத்தமும் குறைவாக வந்து, ஏன் குறைந்தது என்றும் பார்த்து, புரஸ்டேட் சுரப்பியையும் சோதித்த பிறகுதான் அந்தப் பேச்சு என்றார். "கடையில சிங்கம் புலி ஒண்ணும் வாங்காதீங்க."

இன்று காலை ஏழரைக்கு இரத்தம் கொடுக்க லெப்புக்குப் போனோம். வெறும் வயிறு, பச்சைத் தண்ணீர் மட்டும். அங்கிருந்த சிங்களப் பிள்ளை பெயர், வயது கேட்டு எழுதிவிட்டு, தொழில் என்ன என்றாள். "முந்தி நாட்டாமை" என்றேன். "ஆ, நாட்டாமி" என்று தலையை நிமிர்த்தாமல் எழுதிக்கொண்டாள். சிங்களத்திலும் மூட்டை தூக்குகிறவனுக்கு அதுதான் பெயர். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு படிவத்தில் நான் என்ன வேலை செய்தேன் என்று சரியாக விழுந்தது இதுதான் முதல் தரம். அந்தச் சந்தோஷத்தில் ஊசி குத்தியதுகூடத் தெரியவில்லை.

ரிப்போர்ட் நாலு மணிக்குத் தருவார்கள். இப்போது மூன்றரை. பாக்கியத்தின் வீட்டு மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ரிப்போர்ட் எடுக்கிற துண்டு சட்டைப் பையில் இருக்கிறது, நாலைந்து தரம் தொட்டுப் பார்த்துவிட்டேன். பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஹோர்மோனோடு சீனிக்கும் சேர்த்துத்தான் பார்க்கிறார்கள். இதுவும் குறைவு என்று வந்தால், இன்னொரு காலை, இன்னொரு ஊசி. அதுவும் குறைவு என்றால்? மச்சான் காலையில் போன் எடுத்து, "ரிசல்ட் வந்தா மொதல்ல எனக்குச் சொல்லுங்க" என்றார். அந்தப் பக்கத்தில் பேரப்பிள்ளைகள் சிரிக்கும் சத்தம் கேட்டது. இந்தத் தடவை நானும் சிரித்தேன். காளிமுத்து எங்கே இருக்கிறான் என்று தெரியவில்லை. இருந்தால், இதை யாராவது அவனுக்கு வாசித்துக் காட்டினால் நல்லது.

இப்படியெல்லாம் எழுதலாமா என்று வீட்டுக்காரியிடம் கேட்டேன். "எழுதுங்க. அங்க எத்தன பேரு சோபாவுல கெடக்குறாங்களோ. எம் பேர மட்டும் போடாதீங்க" என்றாள். போடவில்லை.

பாக்கியத்தின் வீட்டில் சோபா கிடையாது. எங்களுக்குக் கொடுத்தது ஒடுக்கமான ஒரே கட்டில். வந்த நாளிலிருந்து ஆளுக்கொரு விளிம்பில், விழுந்துவிடாமல் பிடித்துக்கொண்டு படுத்திருந்தோம். இன்று விடியற்காலை ஐந்து மணிக்குக் கண் விழித்தேன். அவள் எனக்கு முன்னமே விழித்து, நடுக் கட்டிலில் தலையைக் கையில் தாங்கிக்கொண்டு என் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தாள். நான் கண்ணைத் திறந்ததும் முகத்தைப் பெரிய மனுசிபோல வைத்துக்கொண்டு, தனக்கு வராத யாழ்ப்பாணத்துப் பேச்சை இழுத்தாள்.

"ஐயா, குறை நினைக்காதேங்கோ. காலமையில எழும்புறதோ?"

"அஞ்சு மணிக்கு" என்றேன்.

அவள் சிரித்த சிரிப்பில் பாக்கியம் அடுப்படியிலிருந்து, "என்னா அத்தான், என்னா அங்க?" என்று கத்தினாள்.

இப்போது வாசலில் செருப்பு மாட்டும் சத்தம் கேட்கிறது. "வாங்க, மணியாகுது, ரெண்டு பேருமாப் போயி வாங்கிட்டு வருவோம்" என்கிறாள். போகிறேன்.